இடையீடும் இழப்பீடும்

வேங்கிக்காலில் தேஜோமயா உயர்சிறப்பு மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. அதன் இடையீட்டுக் கதிரியக்கத் துறைக்கு மட்டும் மூன்று முறை திறப்பு விழா நடந்தது. முதல் விழா கட்டடத்துக்கு. அதில் ஒரு பிரமுகரின் பெயர் விட்டுப்போய்விட்டதால், திருத்திய கல்வெட்டுக்கு இரண்டாவது விழா. மூன்றாவது, இயந்திரத்துக்கு.

இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அறையின் வாசல் வாஸ்துப்படி வைத்தது. இயந்திரமோ வாஸ்து தெரியாத நாட்டில் செய்தது. நாலு அங்குலம் இடித்தது. சுவரைக் கொஞ்சம் உடைத்தால் உள்ளே போய்விடும். ஆனால் அந்தச் சுவரில்தான் கல்வெட்டு இருந்தது, கல்வெட்டில் பதினோரு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஓர் இயந்திரத்துக்காகப் பதினோரு பேரைப் பகைத்துக்கொள்ள நிர்வாகத்துக்குத் துணிச்சல் வரவில்லை. ஆகவே அது நெற்றியில் குங்குமமும் கழுத்தில் காய்ந்த சாமந்தி மாலையுமாக, முன்வாசல் போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. உள்ளே வருகிறவர்களில் சிலர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

இந்தத் துறைக்குத்தான் 2003ஆம் வருஷம் இளவரசன் ஒரு மாத வெளிப்பயிற்சிக்கு வந்து சேர்ந்தான். மருத்துவப் படிப்பில் கடைசி வருஷம். கல்லூரி தெற்கே ஓர் ஊரில். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். தொடையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டு, கம்பி மாதிரி ஒரு குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, திரையில் படம் பார்த்துக்கொண்டே அடைப்பை எடுத்துவிடலாம் என்று ஒரு புத்தகத்தில் படித்ததிலிருந்து அவனுக்கு வேறு எந்தத் துறையிலும் மனம் செல்லவில்லை. வெளிநாட்டில் போய் அதைப் படிக்க வேண்டும். அதற்கு ஒரு துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பக்கத்திலேயே ஒரு துறை இருக்கிறது, அதற்கொரு தலைவரும் இருக்கிறார் என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டுவிட்டான்.

துறைத் தலைவர் டாக்டர் மூர்த்தி நல்ல சிவப்பு, நல்ல குரல். முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்ன பண்றார்?"

"விவசாயத் துறைல இருக்கார் சார்" என்றான் இளவரசன்.

"ஓ, அக்ரி டிபார்ட்மென்ட்டா? ஜாயின்ட் டைரக்டர் லெவலா?"

இளவரசன் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. லேசாகத் தலையைக் குனிந்தான். அதை டாக்டர் மூர்த்தி அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவன் அப்பா வேடியப்பன் அந்த நேரத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில், மழை பார்த்துக் காய்ந்துபோன நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பயிற்சி என்பது ஈயக் கவசத்தைப் போடுவதில் தொடங்கி அதைக் கழற்றுவதில் முடிந்தது. கதிர்வீச்சு உடம்பில் படாமல் இருக்க மாட்டிக்கொள்கிற அங்கி அது. ஏழு கிலோ இருக்கும். டாக்டர் மூர்த்தியின் கவசம் ஊதா நிறம், நெஞ்சில் பெயர் பின்னியிருக்கும். உதவியாளர்களுக்கு நீலம். மாணவர்களுக்கு எங்கிருந்தோ வாங்கிய பழைய பச்சை. காலை ஒன்பது மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு வெறும் அறையில் பன்னிரண்டு மணி வரை நிற்க வேண்டும். இதற்குத் தாங்குதிறன் பயிற்சி என்று பெயர். போட்டதற்கு ஒரு பதிவேடு, போட்டிருப்பதற்கு ஒரு பதிவேடு, கழற்றியதற்கு ஒரு பதிவேடு. மூன்றிலும் கையெழுத்து.

நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பட்டையும் கொடுத்தார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது காட்டும். மாதாமாதம் சோதனைக்கு அனுப்புவார்கள். எல்லோருக்கும் பூஜ்யம் என்று பதில் வரும். அந்தக் கடிதங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டி, மேலே 'பாதுகாப்பில் முதலிடம்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"நம்ம துறையில கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, தையல் கிடையாது" என்று டாக்டர் மூர்த்தி வாரம் ஒருமுறை உரையாற்றுவார். "ஒன்றரை வருஷத்துல ஒரு நோயாளிகூட நம்ம கையால இறந்ததில்ல. வேற எந்தத் துறையாவது நெஞ்சைத் தொட்டு இதைச் சொல்ல முடியுமா?"

இளவரசன் முதலில் குழம்பினான். பிறகு குறிப்பெடுத்தான். இரண்டாவது வாரம் பௌர்ணமி வந்தது. கிரிவலம் வருகிற லட்சம் பேரிடம் துறையை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல நாள் இல்லை என்று மக்கள் தொடர்பு அலுவலர் பிரகாஷ் யோசனை சொன்னார். மாணவர்கள் ஈயக் கவசம் அணிந்து, துண்டறிக்கை கொடுத்தபடி பதினான்கு கிலோமீட்டர் நடந்தார்கள். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் இளவரசனுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. சுக்குக் காப்பி விற்கிற அம்மாள் ஒருத்தி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா வேண்டுதல் சாமி இது? ரொம்பக் கடுமையா கீதே" என்று கேட்டு, காப்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். பின்னால் வந்த ஒரு குடும்பம் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டது. துறை சார்பில் ஒரே நாளில் இத்தனை பேரைச் சென்றடைந்தது சாதனை என்று மறுநாள் டாக்டர் மூர்த்தி பாராட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளவரசன் ஊருக்குப் போய்விட்டு வந்தான். பஸ் ஏற்றிவிட அப்பா கூடவே நடந்தார். கால் மைல் தூரத்துக்குள் நாலு முறை நின்றார். ஒரு தடவை அடுத்தவன் கழனியைப் பார்ப்பது போல, ஒரு தடவை பீடி பற்ற வைப்பது போல. "கெண்டைக்கால் புடிக்குதுப்பா. வயசாவுதில்ல" என்றார். இளவரசன் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வாரம் ஆய்வுக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. அங்கீகாரம் கிடைத்தால் துறைக்கு மேல்படிப்பு இடங்கள் வரும். இயந்திரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 'சோதனை ஓட்டத்தில்' என்று ஒரு பலகை எழுதி அதன் கழுத்தில் மாட்டினார்கள். நோயாளிகள்தான் இல்லை. பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு புது விரிப்பு, படுக்க ஆள் இல்லை.

பிரகாஷ் ஒலிபெருக்கி கட்டிய வேனை கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அனுப்பினார். "வேங்கிக்கால் இடையீட்டுத் துறையின் இலவச முகாம், அனைவரும் வருக" என்று வேன் கத்திக்கொண்டே போனது. ஒலிபெருக்கிக்கு வயசாகிவிட்டது. அந்த வருஷம் மழை பொய்த்து, கடலை போய், இழப்பீடு வரும் வரும் என்று ஊரெல்லாம் காத்துக்கொண்டிருந்த நேரம். வேங்கிக்காலில்தான் கலெக்டர் ஆபீஸ். இடையீட்டுத் துறை என்று வேன் சொன்னது இழப்பீட்டுத் துறை என்று ஊரார் காதில் விழுந்தது. சிட்டா நகலும் ரேஷன் கார்டுமாக முப்பத்திரண்டு பேர் வேனில் ஏறினார்கள்.

வந்து இறங்கியதும் கூச்சல் எழுந்தது. "எங்கய்யா ஆபீசரு? எங்க கையெழுத்துப் போடணும்?"

பிரகாஷ் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு கையைத் தூக்கினார். "எல்லாம் முறைப்படி நடக்குங்க. முதல்ல படுங்க. படுத்தாத்தான் பேரு பதிவாகும்."

அரசாங்கக் காரியத்தில் நிற்பது, உட்காருவது, குனிவது எல்லாம் பழகினவர்கள்தான். படுப்பதும் ஒரு புது விதியாக இருக்கும் என்று பன்னிரண்டு பேர் படுத்துக்கொண்டார்கள். மற்றவர்களைப் புறநோயாளிகளாக வரிசையில் உட்கார வைத்தார்கள்.

நோய் விவரம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஒரு வெளிநாட்டுப் பாடப்புத்தகத்திலிருந்து பன்னிரண்டு நோயாளிகளின் வரலாற்றை எழுதி வைத்திருந்தார்கள். பெயரை மட்டும் நிரப்ப வேண்டும். நர்ஸ் ஜோதியம்மாள் கட்டில் வாரியாகக் கோப்புகளை மாட்டிக்கொண்டே வந்து, ஏழாம் கட்டிலில் நின்றாள்.

"சார், இது கருப்பைக் கட்டி கேசு. நாப்பத்திரண்டு வயசு பொம்பள. இங்க ஒரு ஆம்பள படுத்துக்கினு இருக்காரு."

"வேன் வெளில நிக்குது, குழு கேட்டுல நிக்குது" என்றார் டாக்டர் மூர்த்தி. "பேரை மாத்தியாச்சில்ல? விடு. இளவரசன், ஏழாம் நம்பரை நீ சொல்லு. நீதான் நல்லா பேசுவ. இது நல்லா முடிஞ்சா சாயந்தரமே உன் கடிதம் ரெடி."

இளவரசன் பச்சைக் கவசத்தோடு ஏழாம் கட்டிலுக்குப் போனான். வேடியப்பன் கையைக் காலை நீட்டி, புது விரிப்பு கசங்காமல் படுத்திருந்தார். மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இளவர..." என்று எழுந்திருக்கப் போனார்.

குழுவின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. அவன் தலையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினான். வேண்டாம் என்று.

வேடியப்பன் மகனுடைய முகத்தைப் பார்த்தார். கவசத்தைப் பார்த்தார். பின்னால் நிற்கிற சிவப்பான டாக்டரைப் பார்த்தார். திரும்பவும் படுத்துக்கொண்டு கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். அவ்வளவு சீக்கிரம் அவர் புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம் என்று இளவரசன் பிற்பாடு பல நாள் நினைத்ததுண்டு.

குழுவில் மூன்று பேர். ஒருவர் நாடாவால் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடைவெளி அளந்தார். இன்னொருவர் ஈயக் கவசங்கள் மடியாமல் தொங்குகின்றனவா என்று பார்த்து, பதிவேடுகளைப் புரட்டி, "மூணு ரிஜிஸ்டரா!" என்று வியந்தார். குழுத் தலைவர் மட்டும் கட்டில் கட்டிலாக வந்தார். ஏழாம் கட்டிலில் கோப்பைத் திறந்தார். இளவரசன் ஒப்பித்தான். "வேடியப்பன், நாற்பத்திரண்டு வயது, கருப்பைக் கட்டி, தொடை வழியாகக் குழாய் செலுத்தி ரத்த ஓட்டத்தை அடைத்து..."

தலைவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு நோயாளியிடம் திரும்பினார். "எவ்ளோ நாளா பிரச்சனை?"

"ரெண்டு போகமாங்க" என்றார் வேடியப்பன்.

"எவ்ளோ பாதிப்பு?"

"ஒன்றரைங்க."

தலைவர் கோப்பில் 'ஒன்றரை செ.மீ.' என்று குறித்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்குது?"

"மழ பேஞ்சா எல்லாம் சரியாயிடுங்க."

"சுருங்கிடுச்சு சார், நல்ல முன்னேற்றம்" என்று டாக்டர் மூர்த்தி குறுக்கே வந்தார். "தெய்வ நம்பிக்கை ஜாஸ்தி. இந்த ஊர் அப்படி."

தலைவர் நகரப் போனார். பிறகு பழைய படிப்பு ஏதோ ஞாபகம் வந்தவராக நின்றார். "தொடைல ஊசி போட்டா பாதத்துல நாடி பாக்கணுமே. பாத்தியா தம்பி? இப்ப பாத்துச் சொல்லு."

அன்று அந்தக் கட்டடத்தில் கேட்கப்பட்ட ஒரே மருத்துவக் கேள்வி அதுதான்.

இளவரசன் குனிந்து அப்பாவின் வலது பாதத்தில் விரல் வைத்தான். சில்லென்று இருந்தது. மின்விசிறிக் காற்று போலிருக்கிறது என்று இடது பாதத்தைத் தொட்டான். அது சூடாக இருந்தது, நாடி குதித்தது. மறுபடி வலது. தோல் மினுமினுத்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு முடிகூட இல்லை. கணுக்காலுக்குப் பின்னால் தேடினான். இல்லை. சுண்டுவிரல் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. கால் மைலுக்கு நாலு தடவை அவர் ஏன் நின்றார் என்பது அவனுக்கு அந்தக் கணத்தில், பாடப்புத்தகத்தின் பக்க எண்ணோடு விளங்கிவிட்டது. குழாய் விட்டு அடைப்பை எடுக்கிற இந்தத் துறைக்கென்றே பிறந்த நோய். ஒன்றரை வருஷத்தில் இங்கே வந்த முதல் உண்மையான நோயாளி.

"அந்தக் காலுதாங்க கொஞ்சம்..." என்று வேடியப்பன் தலையைத் தூக்கினார்.

"பெரியவரே, பேசாம படுங்க" என்றான் இளவரசன். நிமிர்ந்து, "நாடி நல்லா இருக்குது சார். ரெண்டு காலும் சமம்."

வேடியப்பன் பேசாமல் படுத்துக்கொண்டார். தலைவர் 'நாடி: நன்று' என்று எழுதிவிட்டு எட்டாம் கட்டிலுக்குப் போனார்.

விருந்துக்குப் பிறகு குழுத் தலைவர் பேசினார். "நான் எத்தனையோ துறை பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தமா, ஒரு சொட்டு ரத்தக் கறைகூட இல்லாத இடத்தைப் பாத்ததில்ல. இயந்திரம்கூட புதுசு மாதிரியே வச்சிருக்காங்க." எல்லோரும் கை தட்டினார்கள். இளவரசனும் தட்டினான். தட்டின கையைப் பார்க்கப் பிடிக்காமல் கவசத்தின் பின்னால் வைத்துக்கொண்டான்.

குழுவின் கார் கேட்டைத் தாண்டியதும் அவன் டாக்டர் மூர்த்தியிடம் ஓடினான். "சார், ஏழாம் நம்பர் பேஷன்ட்டுக்கு நிஜமாவே வலது கால்ல நாடி இல்ல சார். அடைப்பு இருக்குது. விரல் கறுத்துப்போச்சு. இன்னிக்கே பாக்கணும் சார்."

டாக்டர் மூர்த்திக்குக் கோபம் வரவில்லை. அன்பாகத்தான் பேசினார். "தம்பி, நல்ல மனசு உனக்கு. ஆனா யோசிச்சுப் பாரு. ஒருத்தருக்கு வைத்தியம் பண்ணா நாளைக்கு நாலு பேரு வருவான். நாப்பது பேரு வருவான். இவனுங்களப் பாத்துக்கினு இருந்தா அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு நாம எப்ப தயாராவறது?" கையோடு கடிதத்தையும் கொடுத்தார். 'மாணவர் நாடி பார்ப்பதில் தனித்திறன் உடையவர்' என்று அதில் இருந்தது.

அவன் வார்டுக்குப் போனபோது கட்டில்கள் காலியாகியிருந்தன. விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த ஜோதியம்மாள், "எல்லாருக்கும் பூரண குணம்னு சர்ட்டிபிகேட் குடுத்து அனுப்பியாச்சு. வேன் திரும்பப் போவாதாம், நடந்து போனாங்க" என்றாள்.

இளவரசன் கவசத்தைக் கழற்றி, தொங்கவிடாமல் அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடினான். பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. கலெக்டர் ஆபீஸில் இருந்தார்கள். முப்பத்திரண்டு பேரும் ஜன்னலுக்கு முன்னால் வரிசை கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த கிளார்க் வேடியப்பனின் சர்ட்டிபிகேட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார்.

"பெரியவரே, வறட்சிக்குத்தான் இழப்பீடு. கருப்பைக் கட்டிக்குக் கிடையாது. அதுவும் பூரண குணம்னு போட்டிருக்குது. குணமானதுக்கு எப்படிக் குடுக்கறது?"

"சரிங்க" என்று வாங்கிக்கொண்டு திரும்பினார் வேடியப்பன். இடது காலில் மட்டும் பாரம் போட்டு, கொக்கு மாதிரி நின்றார். எதிரில் மகனைப் பார்த்ததும் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆபீசர்கள் நடமாடுகிற இடம். பையனுக்கு எதற்குச் சங்கடம் என்று.

"அப்பா" என்றான் இளவரசன். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கால காட்டுப்பா."

"அட, இங்க எதுக்குப்பா? நல்லா கீதுன்னு நீதான் சொன்னியே."

"தப்பா சொல்லிட்டேம்பா" என்று சொல்ல வாயெடுத்தான்; தப்பாகச் சொல்லவில்லை, பொய்யாகச் சொன்னான். "மெட்ராசுக்குப் போலாம். இப்பவே" என்று மட்டும் சொன்னான். மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் வேடியப்பன் நகர்ந்தார்.

சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை. மறுநாள் காலை புறநோயாளிப் பிரிவில் அவர்கள் முறை வர பதினொரு மணி ஆயிற்று. அங்கே சுவரெல்லாம் காவி ஏறியிருந்தது, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாயில் ஆட்கள் படுத்திருந்தார்கள், எந்தக் குழு வந்தாலும் அரை மணியில் மூடச் சொல்லிவிடும். மருத்துவர் ஓர் அம்மாள், நாற்பது வயசு இருக்கும். வேடியப்பனின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விரலால் தடவினார். முகம் மாறியது.

"எத்தனை மாசமா நடக்கும்போது வலிக்குது?"

"ஆறு மாசம் இருக்குங்க."

"ஆறு மாசம்! விரல் கறுக்கற வரைக்கும் வச்சிருக்கீங்களே. வீட்டுல படிச்சவங்க யாருமே இல்லையா?"

இளவரசன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். வேடியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரும் இல்லீங்க" என்றார் கொஞ்சமும் யோசிக்காமல். "எல்லாம் வெவசாயந்தான்."

"கூட வந்திருக்கிறது?"

"தெரிஞ்ச புள்ளைங்க. நல்ல புள்ள. பஸ்ஸுல தொணைக்கு வந்துது."

அந்த அறையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். இளவரசன் சுற்றிலும் பார்த்தான். அப்படியே நின்றுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்பாவும் அதைத்தான் விரும்புகிறார்.

"நான் இவரு மகன் மேடம்" என்றான். "டாக்டருக்குப் படிக்கிறேன். கடைசி வருஷம்."

அந்த அம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மறுபடி குனிந்து, உள்நோயாளியாகச் சேர்க்கச் சீட்டு எழுதினார். இரண்டு நாள் கழித்து, நாலு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பழைய இயந்திரத்தின் முன்னால், தொடையில் சின்னத் துளை போட்டு அடைப்பை எடுத்தார்கள். இளவரசன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். அவன் படித்தது போலவே, திரையில் ரத்தம் கருங்கோடாகக் கீழே இறங்கிப் பாதம் வரைக்கும் போயிற்று. கால் தங்கிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் போய்விட்டது.

ஆனால் அது இரண்டு நாள் கழித்து. அன்றைக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஒரு சக்கரம் இழுக்கிற தள்ளுவண்டியில் அப்பாவை உட்கார வைத்து, நீள வராந்தாவில் இளவரசன் தள்ளிக்கொண்டு போனான். வழியெல்லாம் வேடியப்பன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் தாங்காமல் தலையைத் திருப்பி, மகனை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"நான்தான் யாரும் இல்லன்னு சொல்லி முடிச்சிட்டேன் இல்ல? நீ எதுக்குப்பா நடுவுல பூந்து மாட்டிக்கின?"